முன்னறை நாற்காலி

எழுந்தான். பல் தேய்த்தான். காபி போட்டான், ஒருவனுக்கு அளவாகப் போடக் கை பழகிவிட்டிருந்தது. சவரம் செய்துகொண்டு, மாடியிலிருந்து இறங்கி, கிளினிக்கின் கதவைத் திறந்தான். கம்பவுண்டர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தான். மனைவி இறந்தபின் எல்லாக் காலையும் இதே காலைதான்.

ஊரில் அவனுக்குச் சின்ன டாக்டர் என்று பெயர். பெரிய டாக்டர் அவன் அப்பா. ஓய்வெடுத்துக்கொண்டு மாடியில் இருக்கிறார், காபி குடிப்பதில்லை. கிளினிக்கை ஆரம்பித்தது தாத்தா.

தாத்தா சிடுமூஞ்சி. அவர் முன்னால் நோயாளிகளுக்குப் பேச்சே வராது. அதனால் அவர் மனைவி முன்னறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் உள்ளறையைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல். ஆள் உள்ளே போகும் முன்பே அதன் வழியாக ஒரு வரியில் விஷயம் போய்விடும். பிறகு அந்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்தாள். அம்மாவுக்குப் பிறகு அவன் மனைவி. மூன்று தலைமுறையாக ஊருக்கு இதுதான் பழக்கம். வலியை டாக்டரிடம் காட்டுவார்கள். உண்மையை நாற்காலியிடம் சொல்வார்கள்.

இப்போது அதில் யாரும் உட்காருவதில்லை. கூட்டம் நெரிந்தாலும் நின்றுகொண்டிருப்பார்களே தவிர, உட்கார மாட்டார்கள். ஜன்னல் சாத்தியே கிடந்தது.

அன்று மழை. சாய்ந்து சாய்ந்து அடித்தது... கம்பவுண்டர் உள்ளே வந்து குனிந்து கிசுகிசுத்தார்.

"சார்... ஒரு பொண்ணு வந்துருக்கு. டோக்கன் வாங்கல. அந்த நாற்காலியில உக்காந்துருச்சு."

அவன் பேனா நின்றது.

"எழுந்திருக்கச் சொல்ல வேண்டியதுதான?"

"எப்படி சார் சொல்றது? சுத்தி நாலு பேரு நின்னு அதுகிட்ட கதை சொல்லிக்கிட்டிருக்காங்க. பையில அளக்குற டேப்பு எட்டிப் பாக்குது. எனக்கென்னமோ சரியாப் படல."

அளக்கும் டேப். புறவழிச் சாலையில் புதிதாக வந்த பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்தக் கட்டிடத்தை விலைக்குக் கேட்டு ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தார்கள். இப்போது உளவுக்குப் பெண்ணை அனுப்பியிருக்கிறார்களா? அவன் எழ முயன்றபோது ஜன்னல் கிறீச்சென்று திறந்தது. மழைத்துளி காயாத ஒரு நெற்றி. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... எதையும் மறைக்கத் தெரியாத கண்கள். அதுதான் அவனுக்கு முதல் சந்தேகம்.

"டாக்டர்... அடுத்து வர்றவர் பஸ் டிரைவராம். நீங்க குடுத்த பிரஷர் மாத்திரைய அவர் போடறதே இல்லையாம். போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதாம். பஸ்ஸ நடு ரோட்டுல நிறுத்த முடியாதுல்ல? உங்ககிட்ட சொல்லச் சொல்லி என்கிட்ட சொல்றாரு. ஏன்னு எனக்குத் தெரியல."

ஜன்னல் மூடிக்கொண்டது.

டிரைவருக்கு ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை என்று அன்றுதான் மருந்தின் அளவைக் கூட்ட நினைத்திருந்தான். அவர் வந்து உட்கார்ந்ததும், "மாத்திரை போடறீங்களா?" என்று கேட்டான். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அம்மணி சொல்லிட்டாங்களா? சந்தோஷம் சார். நாற்காலிக்கு ஆள் வந்துட்டாங்க."

அவனுக்குக் காது சூடாகியது. வேறு மாத்திரை எழுதிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, விடுவிடுவென்று முன்னறைக்கு வந்தான்.

"யார் நீங்க? யார் அனுப்புனாங்க?"

அவள் எழுந்து நின்றாள். "கட்டிடத்துக்கு விலை மதிப்புப் போடறவ நான். பெரிய டாக்டரப் பாக்க வந்தேன். மழையில நனைஞ்சுட்டேன். ஒரு நாற்காலிதான் காலியா இருந்துச்சு, உக்காந்தேன். உக்காந்ததும் ஒருத்தர் நாக்க நீட்டிக் காட்டுறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

மாடிப்படியில் அப்பா நின்றார். "நான்தான்டா வரச் சொன்னேன்."

"எதுக்கு?"

"விக்கறதுக்கு. நீ ரிப்போர்ட்டப் பாக்குற, ஆளப் பாக்குறதில்ல. உன் முன்னாடியும் யாருக்கும் பேச்சு வர்றதில்ல. எங்கப்பா கோபத்துல அப்படி இருந்தாரு. நீ கல்லா இருக்க. இதுக்கு மேலயும் ஜனங்கள ஏமாத்த வேண்டாம்."

வார்த்தை சுருக்கென்று குத்தியது. அவன் அப்பாவை உள்ளறைக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

"நிஜமாச் சொல்லுங்க. விக்கறதுக்கா, இல்ல எனக்குப் பொண்ணு காட்டறதுக்கா?"

"அடேய், அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா நான் ஏன்டா டாக்டரானேன்?"

வெளியே வந்தவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "அளந்துக்கங்க. நல்லா அளந்துக்கங்க."

அவள் அளந்தாள். நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை. சுற்றி வளைத்து டேப்பைப் போட்டாள். அதை அவன் கவனித்தான். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாளும் வந்தாள். பின்சுவர் ஈரம் காய்ந்தபின் பார்க்க வேண்டுமாம். அதற்கடுத்து, கூரை. பிறகு கிணறு. ஒவ்வொரு முறையும் ஜனங்கள் அவளை வளைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் ஜன்னல் திறந்தது. "தையல்காரம்மாவுக்குத் தலைவலி இல்ல டாக்டர், கண்ணாடி மாத்தணும், மகன்கிட்ட கேக்கக் கூச்சம்..." "இந்தத் தாத்தாவுக்கு ஒரு நோயும் இல்ல, பேச ஆள் வேணும். நான் பேசிட்டேன், நீங்க நாடி மட்டும் பிடிங்க."

அவன் நம்பவில்லை. ஊரின் மனத்தைப் பிடித்து, அப்படியே புறவழிச் சாலைக்கு ஓட்டிக்கொண்டு போகப் போகிறாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இவ்வளவு கெட்டிக்காரர்களா... ஆனால் வாசலில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டால் நாடி பிடித்த விரல் எண்ணிக்கையைத் தவறவிடுகிறதே, அது யார் சதி?

"சார்," என்றார் கம்பவுண்டர், "எனக்கு இப்போ உங்க மேலதான் சந்தேகம். காலையிலிருந்து ரெண்டாவது தடவையா தலை வாரறீங்க."

"வேலையப் பாருங்க."

அன்று மதியம் கடைசி நோயாளியும் போனபின் அவன் முன்னறைக்கு வந்தான். கம்பவுண்டர் சாப்பிடப் போயிருந்தார். மழை ஓய்ந்து, தெரு பளபளத்தது. அவள் நாற்காலியில் இல்லை; ஓரமாக நின்றிருந்தாள்.

"ரெண்டு ரூம அளக்க எத்தனை வாட்டி வருவீங்க?"

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு மனைவி இருந்தா," என்றான்.

"தெரியும். தினமும் யாராவது ஒருத்தர் சொல்றாங்க. அவங்க இடம்னு தெரிஞ்சப்புறம் நான் நின்னுக்கிட்டேதான் இருந்தேன். விடமாட்டேங்கறாங்க... கையப் பிடிச்சு உக்கார வெச்சுடறாங்க." குரல் தணிந்தது. "உங்களுக்கு வலிச்சா சொல்லுங்க. நான் வரல."

வலித்தது. ரொம்ப நாள் மரத்துக் கிடந்த காலில் ரத்தம் ஓடும்போது வலிக்குமே, அப்படி. அந்த வலி வந்தால் கால் பிழைத்துவிட்டது என்றுதான் நோயாளிகளிடம் அவன் சொல்வான்.

"உங்கள உளவாளின்னு நினைச்சேன்," என்றான். "அப்பா செட் பண்ண ஆளுன்னு நினைச்சேன். நேத்து வரைக்கும் நினைச்சேன். இன்னைக்குக் காலையில அப்பாகிட்ட சொல்லிட்டேன், கிளினிக்க விக்கலன்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்... அதே கண்கள்.

"சொன்னப்புறம்தான் உறைச்சுது. விக்கலன்னா அளக்க ஒண்ணுமில்ல. நீங்க இங்க வர ஒரு காரணமும் இல்ல." தொண்டையைச் செருமினான். "அது எனக்குப் பிடிக்கல. நீங்க வரணும். எனக்காக வரணும். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

அவள் கைப்பையின் வாரைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. வாசலைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்.

"அந்த வேலைய நேத்தே வேற ஆளுக்கு மாத்திவிட்டுட்டேன் டாக்டர்... மனசு சாஞ்ச இடத்துக்கு நாங்க விலை போடக்கூடாது."