ஒப்படைக்காமல் விட்ட ஆள்

காலி சக்கர நாற்காலி கனத்தது.

முதலில் பிரேக் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் விட்டுத்தான் இருந்தது. சக்கரத்தில் பஞ்சோ நூலோ சுற்றியிருக்குமோ என்று விரலை விட்டுத் துழாவினாள், ஒன்றும் இல்லை. மறுபடி தள்ளினாள். ஆள் உட்கார்ந்திருந்தால் கைப்பிடியில் ஒரு பின்னிழுப்பு இருக்குமே, அதே இழுப்பு. நாலு மாதமாக வாரத்தில் ஐந்து நாள் தள்ளுகிற கை அது. அதை ஏமாற்ற முடியுமா என்ன?

மணி நாலுதான். ஆனால் வெளியே மழை கட்டிக்கொண்டு நிற்க, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலிருந்து மேலேறும் சாய்வுப் பாதையில் வெளிச்சமே இல்லை. சுவரோரம் ஈரம் ஊறி, பினாயில் வாடையும் பழைய துணி வாடையும் ஒன்றாய்க் கலந்து, அதற்கும் அடியில் மெல்ல, நெற்றியில் தேய்க்கிற தைலத்தின் காரமான வாடை வந்துகொண்டிருந்தது.

"சும்மா இரு. உடம்புல தெம்பு இல்ல, மத்தியானம் சரியாச் சாப்பிடல, அவ்வளவுதான்" என்று தன்னையே அதட்டினாள்.

வயது பதினேழு. நர்ஸ் ஆக வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே வீட்டில் ஒற்றைக்காலில் நின்றவள். நாலு மாதம் தொண்டு செய்தால் தலைமை நர்ஸ் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தருவார். நர்சிங் கல்லூரியில் அந்தக் கடிதத்துக்குத் தனி மரியாதை. அவள் அம்மா அதற்குள் இரண்டு ஜோடி வெள்ளை உடுப்பே தைத்து, மடித்து, பீரோவில் வைத்துவிட்டாள். அம்மாவின் அவசரம் அப்படி.

தொண்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற விதி ஒன்றுதான். நோயாளியை எங்கே கூட்டிப்போனாலும் ஆளை ஆள் கையில் ஒப்படைக்க வேண்டும். அங்கே இருப்பவர் நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, "சரி, நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன பிறகுதான் கைப்பிடியை விடலாம்.

திங்கட்கிழமை அவள் விட்டுவிட்டாள்.

ஏழாம் கட்டிலில் இருந்த டிரைவர் ஐயா. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், நெற்றியில் எந்நேரமும் தைலம் தேய்த்திருப்பார். நாற்காலியில் உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, வளைவுல ஹாரன் அடிக்க மாட்டியா? உனக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?" என்பார். எக்ஸ்ரே எடுக்க அவரைக் கீழே கூட்டிப்போனாள். மணி ஆறாக ஐந்து நிமிஷம் இருந்தது. எக்ஸ்ரே அறைக் கதவு சாத்தியிருந்தது. ஆறு மணிக்கு அவளுக்குப் பஸ். அதை விட்டால் ஏழரைக்குத்தான்.

"உள்ள ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார் அவர்.

"இருக்காங்க ஐயா. இப்பக் கூப்பிடுவாங்க."

டாக்டர் எழுதிய எக்ஸ்ரே சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடினாள். மெஷின் பழுதாகி, எக்ஸ்ரேக்காரர் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டது அவளுக்குத் தெரியாது. எக்ஸ்ரே அறை இருக்கும் அந்தக் கீழ்த்தள வளைவில் கத்தினாலும் மேலே கேட்காது. ஒன்பதரைக்குக் காவலாளி பார்த்தபோது அவர் உடம்பு சில்லிட்டிருந்தது.

மறுநாள் கேட்டார்கள். அவளே நினைக்காத வார்த்தை வாயிலிருந்து வந்தது. "வார்டு அண்ணன்கிட்ட விட்டுட்டுத்தான் போனேன்."

இன்று வியாழன். சாய்வின் உச்சியில், வார்டில் எடுபிடி வேலை பார்க்கும் அந்த வார்டு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை இல்லாமல், கட்டம் போட்ட சட்டையில், யாரோ போல.

"பாப்பா" என்றார். எப்போதும் சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறவர், இன்று குரலே எழும்பவில்லை. "எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. அன்னிக்கு நான் மருந்து வாங்கப் போயிருந்தேன்னு உனக்குத் தெரியும். சிஸ்டர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

"சொல்றேண்ணா."

"நீ நல்ல பொண்ணு."

அவர் நாற்காலியைத் தாண்டிப் போகும்போது சட்டென்று ஒதுங்கினார். உட்கார்ந்திருப்பவர் கால் மேல் இடித்துவிடாமல் ஒதுங்குகிற மாதிரி. பிறகு காலி இருக்கையைப் பார்த்துத் தானே குழம்பி, தலையைத் தடவிக்கொண்டு போனார்.

அவள் பார்த்தாள். இருக்கையின் ரெக்ஸின் நடுவில் அமுங்கியிருந்தது.

நாற்காலியை வாசலில் நிறுத்திவிட்டுத் தலைமை நர்ஸின் அறைக்குள் போனாள். மேஜை மேல் கடிதம் இருந்தது. கையெழுத்தும் போட்டாயிற்று, முத்திரையும் குத்தியாயிற்று.

"ஏம்மா, அவன் தெய்வத்து மேல சத்தியம் பண்றான்" என்றார் தலைமை நர்ஸ். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. அவன் கையிலதான் விட்டியா? ஆமான்னா அவன் வேலை போயிடும். அதுக்கு மேல நான் ஒண்ணும் செய்ய முடியாது."

சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான்தான் சிஸ்டர், பஸ்ஸுக்கு ஓடிட்டேன். இவ்வளவுதான். ஆனால் கடிதம் மேஜை மேல் இருந்தது. வாசலுக்கு வெளியே நாற்காலி 'கிறீச்' என்றது. யாரோ நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்த சத்தம்.

"ஆமா சிஸ்டர். அவர் கையிலதான்."

தலைமை நர்ஸ் பெருமூச்சு விட்டார். கடிதத்தை நீட்டினார். "நல்லா படி. நாற்காலியைக் கீழ விட்டுட்டுக் கிளம்பு, மழை வரப்போகுது."

அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கூடவே, வெட்கங்கெட்ட ஒரு நிம்மதியும் இருந்தது.

கைப்பிடியைப் பிடித்தாள். நாற்காலி இப்போது கனக்கவில்லை. விரலால் தொட்டாலே ஓடியது. அப்பாடா! எல்லாம் மனப்பிரமை. வேகமாகச் சாய்வில் இறக்கினாள். கீழே குழல்விளக்கு ஒன்று மட்டும் விட்டு விட்டு எரிந்தது. மழை பிடித்துக்கொண்டு, சுவருக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் கடகடவென்று இறங்கிற்று.

பாதி வழியில் காலில் தெம்பு போனது. வலி இல்லை. முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. விழாமலிருக்க நாற்காலியைப் பற்றினாள், சுற்றி வந்தாள், உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம். மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம்.

நாற்காலி நகர்ந்தது.

கீழ்நோக்கித்தானே இருக்கிறோம், தானாக உருளும். பிரேக்கை இழுத்தாள். இழுத்தும் உருண்டது. நிதானமாக, வளைவு தெரிந்து, மேடு பள்ளம் தெரிந்து. பழகிய கை.

பின்கழுத்தில் மூச்சு. தைல வாடை.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"ஐயா" என்றாள். "ஐயா, நான் போய்ச் சொல்லிடறேன். இப்பவே. சிஸ்டர் மேலதான் இருக்காங்க."



எக்ஸ்ரே அறை வந்தது. நிற்கவில்லை. ஸ்டோர் வந்தது. அதற்குப் பிறகு சுவர்தான், அவளுக்குத் தெரியும். சுவர் வரவில்லை. தாழ்வாரம் நீண்டது.

வெளிச்சம் பின்னால் போனது.

கண் பழகியது. இரண்டு பக்கமும் நாற்காலிகள். வரிசையாக. எல்லாவற்றிலும் ஆள். ஆணும் பெண்ணும், ஆஸ்பத்திரி உடுப்பில், சுவரைப் பார்த்து. ஒவ்வொருவர் மடியிலும் யாரும் வாங்கிக்கொள்ளாத ஒரு சீட்டு. யாரும் திரும்பவில்லை. தூசி தோளில் படிந்திருந்தது. ஒருவர் மட்டும் மெதுவாகக் கால் ஆட்டினார்.

அந்தக் கை அவளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியது. டக். டக். இரண்டு பிரேக்கும்.

செருப்புச் சத்தம் விலகியது. அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். சத்தம் சுவரைத் தாண்டவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள், முகத்தைத் திருப்பாமலே, சக்கரத்தை லேசாகத் தள்ளி அவளுக்கு இடம் விட்டாள்.