படபடப்பு வரம்பு

காலையில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்ததும் அகிலேஷின் முதல் வேலை, முந்தைய நாள் தான் எழுதிய வசனங்களில் எவை இன்னும் மிச்சம் இருக்கின்றன என்று பார்ப்பதுதான். அன்று கொரியத் தொடரின் கடைசிப் பகுதிக்குத் தமிழ்க் குரல் கொடுக்க வேண்டும். படம் மட்டும்தான் அங்கிருந்து வரும்; தமிழ் வசனம் முழுக்க அகிலேஷ் எழுதுவது. சியோல் நகரத்தில் வாழும் தேயுன், மின்சோ என்ற இரண்டு இளைஞர்களின் காதல் கதை. காதல் கதை என்றுதான் விளம்பரம் சொன்னது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் ஜெரால்டு நின்றிருந்தான். தேயுனுக்குக் குரல் அவனுடையது. தூத்துக்குடிக்காரன். சென்னைக்கு வந்து பல வருடங்கள் ஆகியும், எரிச்சல் வந்தால் ஊர்ப் பேச்சுதான் வரும்.

"ஏலே அகிலேஷ், ஆரம்பத்துல இருந்து ஒரே குடைய வச்சிக்கிட்டுத் திரியுதானுவ. இவன் குடுக்கான், அவன் வாங்குதான். அடுத்த வாரம் அவன் குடுக்கான், இவன் வாங்குதான். அந்த மழைக்கே சலிச்சுப் போயிருக்கும்."

"இன்னிக்குச் சொல்லிடுவான்டா. பாலத்து மேல நின்னு சொல்றான். நேத்து உக்காந்து எழுதியிருக்கேன்."

கணினியைத் திறந்ததும் அகிலேஷின் முகம் வாடியது. பாலத்துக் காட்சி மாறியிருந்தது.

பார்வையாளர் எல்லோருடைய மணிக்கட்டிலும் ஒரு நாடிப்பட்டை உண்டு. கதை ஓடும்போது இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பதை அது, தொடர்களைத் திருத்தும் கதைப்பொறிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒளிபரப்புக்கு முன் பார்ப்பவர்களின் படபடப்பு சட்டம் விதித்த வரம்பைத் தாண்டினால், பொறி அந்தக் காட்சியை அழித்துவிட்டு அமைதியான ஒன்றை வைக்கும். முதலில் கொலைகள் போயின. யாரும் குறை சொல்லவில்லை. பிறகு மரணங்கள், பிறகு பரீட்சை முடிவுகள். கடைசியில்தான் தெரிந்தது, ஒருவர் தன் மனதைச் சொல்லிவிட்டு மற்றவரின் பதிலுக்காகக் காத்திருக்கும் நொடியில்தான் நாடி எல்லாவற்றையும் விட அதிகமாகத் துள்ளுகிறது என்பது. ஆணும் பெண்ணும் நடித்த தொடர்களுக்கும் அதே கதிதான். ஆனால் அவற்றில் முடிவில் ஒரு கல்யாணக் காட்சியாவது மிஞ்சும். தேயுனுக்கும் மின்சோவுக்கும் குடை மட்டும்தான்.

ரசிகர்கள் வாரா வாரம் திட்டித் தீர்த்தார்கள். 'கண்ணுல காட்டுறாங்க, வாயில வர மாட்டேங்குது' என்று புலம்பினார்கள். பொறிக்குத் திட்டு கேட்காது. நாடி மட்டும்தான் கேட்கும்.

"என்னல வந்திருக்கு? வாசி."

அகிலேஷ் வாசித்தான். "தேயுன்: சாப்பிட்டியா? மின்சோ: சாப்பிட்டேன். இருவரும் ஆற்றைப் பார்க்கிறார்கள். தொடர் நிறைவு."

ஜெரால்டு காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டான். "இதுக்கா ஒரு வாரமா வெந்நீர் குடிச்சுத் தொண்டையக் காப்பாத்துனேன்? சாப்பிட்டியான்னு கேக்க எங்க பக்கத்து வீட்டு அண்ணன் போதும். நீ நேத்து எழுதுனத அனுப்பு."

"அதைப் பதிவு பண்ண முடியாதுடா."

"பதிவு பண்ண வேண்டாம். ஒருதரமாச்சும் வாயால சொல்லிட்டுப் போறேன்."

அகிலேஷ் அனுப்பினான். ஜெரால்டு மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேயுனின் குரலில் தொடங்கினான். பாதி வழியில் அந்தக் குரல் கழன்று விழுந்தது.

"லீவு நாள்லகூட இந்த ரோட்டு வழியாத்தான் போறேன். உன் வண்டி நிக்குதான்னு பாக்க. நீ இல்லன்னா அந்த நாளே வீணாப் போன மாதிரி இருக்கு. எனக்கு உன்ன ரொம்பப் பிடிச்சிருக்கு."

அகிலேஷ் திரையில் வரி வரியாகத் தேடினான். "இது நான் எழுதினதுல இல்லையே. தேயுன் வசனமா இது?"

"தேயுனுக்குத்தான் வசனமே இல்லையேல. இது நான் பேசினது."

இருவரின் மணிக்கட்டுப் பட்டைகளும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. மூச்சை மெதுவாக விடும்படி அவற்றிலிருந்து ஒரு மென்குரல் சொன்னது. அகிலேஷுக்கு மூச்சே வரவில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த கதைகளையெல்லாம் மனதுக்குள் புரட்டினான். இந்த இடத்தில் மற்றவன் என்ன செய்வான்? எதிலும் இல்லை. அவன் எழுதிய காட்சியில்கூட தேயுனுக்குத்தான் பக்கம் பக்கமாக வசனம். மின்சோவுக்கு 'பார்க்கிறான்' என்று மட்டும் எழுதி விட்டிருந்தான். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

"ஏதாச்சும் சொல்லுல."

"என்ன சொல்றதுன்னு தெரியல ஜெரால்டு. யாரும் சொல்லி நான் பாத்ததில்ல."

"நான் மட்டும் பாத்தேனாக்கும்? பிடிக்கலன்னா அதையாச்சும் சொல்லு."

"ஐயோ, அப்படியில்லடா."

அகிலேஷ் எழுந்தான். கதவைத் திறந்து, கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். ஜெரால்டின் எதிரே வந்து நின்ற பிறகு, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று புரியவில்லை.

"கை நடுங்குது" என்றான்.

"காட்டு" என்றான் ஜெரால்டு.