சிவப்புப் பொட்டு

பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்த பிறகும் அந்தப் பெட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ரிப்பேர்க்காரி முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் கெப்பாசிட்டர்களில் கொஞ்சம் மிச்சம் தங்கும். சில நொடிகளில் தானே தீர்ந்துவிடும். ஆனால் மீட்டர் சுழியத்தைக் காட்டியும் ஸ்பீக்கர் அடங்கவில்லை. இழுத்து விட்டது. மறுபடி இழுத்து விட்டது. அசந்து தூங்குகிற பிள்ளையின் மூச்சு.

பிள்ளையின் அறையில் ஒன்றும் அம்மாவிடம் ஒன்றுமாக வைத்துக்கொண்டு, பிள்ளை சிணுங்கினால் கேட்கிற கருவி அது. மாலையில் அதைக் கொண்டுவந்தவர் உட்காரக்கூட இல்லை.

"பொண்ணு அறையில இருந்ததை அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சு. பொண்ணும் இப்ப இல்ல. ஆனா இதுல மட்டும் சத்தம் வந்துகிட்டே இருக்கு. நிறுத்திக் குடுங்க, போதும்."

"பக்கத்து வீட்டுச் சத்தத்தைப் பிடிக்கும் சார். கெட்டுப்போன பாகத்தைக் கண்டுபிடிச்சு எடுத்துட்டா அடங்கிடும்."

"உங்க வீட்டுல பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒண்ணுதான் சார். ஒன்பது பேருக்குச் சமம்."

அவர் பெட்டியை மேசையின் உள்பக்கமாகத் தள்ளி வைத்தார். பிறகு மழையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்த ஒன்பது பேருக்குச் சமமானவள், வீட்டில் வைத்த பெயர் வாலு, சளி பிடித்து உள்ளறையில் படுத்திருந்தாள். மூக்கடைப்பில் ஒவ்வொரு மூச்சும் லேசாக விசிலடித்தது. படுக்குமுன் அம்மாவின் மேசையிலிருந்த நகப்பூச்சுச் சீசாவைச் சுட்டுக்கொண்டு போய் இடது கை நகங்களில் அப்பியிருந்தாள். வலது கைக்குப் போட இடது கை வளையவில்லை. "எழுந்ததும் நான் போட்டு விடறேன், இப்ப தூங்குடி வாலு" என்று அதட்டித்தான் படுக்கவைக்க முடிந்தது.

அந்தச் சீசா அழகுக்கு வாங்கியதல்ல. எந்தப் பாகத்தைப் பிடுங்குவதானாலும் அதன் மைனஸ் பக்கமாகப் போர்டில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுத்தான் ரிப்பேர்க்காரி பிடுங்குவாள். கெப்பாசிட்டரைப் பிளஸ் மைனஸ் கால் மாற்றிப் போட்டால் தலை உப்பி வெடித்துவிடும்.

ஸ்பிரிட்டைப் போர்டு முழுக்கத் தடவினாள். கெட்ட பாகம் சூடாகும். ஸ்பிரிட் அதன்மேல்தான் முதலில் உலரும். பேட்டரி இல்லாத போர்டில் எதுவும் சூடாகக் கூடாது என்று தெரியும். தெரிந்தும், கை சும்மா இருக்கவில்லை.

ஸ்பீக்கரை ஒட்டி நின்ற சின்னக் கெப்பாசிட்டர் ஒன்று மட்டும் சட்டென்று உலர்ந்தது. தொட்டாள். பிள்ளையின் பிடரியைத் தொட்டதுபோல் இளஞ்சூடு. விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பெட்டியின் மூச்சில் விசில் கேட்டது.

மூக்கடைத்த விசில். உள்ளறையில் ஒன்று, மேசைமேல் ஒன்று. இரண்டும் சேர்ந்து இழுத்தன. சேர்ந்து விட்டன. அவளுக்கு இதைப் பிடுங்கி எறிந்தால் போதும் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. சீசாவைத் தேடவில்லை. பொட்டு வைக்கவில்லை. சால்டரிங் அயர்னால் ஈயத்தை உருக்கி, இடுக்கியால் கெப்பாசிட்டரை வெளியே இழுத்தாள்.

பெட்டி அடங்கியது. அப்பாடா என்றிருந்தது.

உள்ளறையும் அடங்கியிருந்தது.

ஓடினாள். "வாலு. ஏய், எழுந்திருடி." மூக்கின் கீழே விரல் வைத்தாள். ஒன்றுமில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை துவண்டு ஆடியது. உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் இன்னும் இடுக்கி. இடுக்கியில் அந்தக் கெப்பாசிட்டர். அதன் சூடு இறங்கிக்கொண்டிருந்தது.

மேசை. போர்டு. துளைக்குள் கால்கள். ஈயம். புகை.

பெட்டி மூச்சு விட்டது. உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. போன உயிர் திரும்பியதுபோல் அவள் மேசைமேல் கவிழ்ந்து அழுதே விட்டாள்.

அழுதபடியே, பழக்க தோஷத்தில், போட்ட வேலையைச் சரிபார்த்தாள். கெப்பாசிட்டரின் உடம்பில் வெள்ளைக் கோடு இருக்கும் பக்கம் மைனஸ். போர்டில் அதற்கு நேராக அச்சாகியிருந்தது பிளஸ் குறி.

கால் மாறியிருந்தது.

"அம்மா."

வாலு கதவோரம் நின்றாள். மூச்சில் விசில் இல்லை. கண்ணைக் கசக்கிய கையில் நகமெல்லாம் சிவப்பு. வலது கை. தொங்கிய இடது கையின் நகங்கள் வெறுமையாக இருந்தன.

பெட்டிக்குள் மூக்கடைத்த குரல் சிணுங்கியது. "ஏம்மா லைட்டை அணைச்சே? எனக்கு இங்க பயமா இருக்கு."

கெப்பாசிட்டரின் தலை மெல்ல உப்பத் தொடங்கியது. அவள் சால்டரிங் அயர்னை எடுக்கப் பாய்ந்தாள்.

கதவோரம் நின்றவள் முந்திக்கொண்டாள். சிவந்த நகங்கள் அயர்னின் ஸ்விட்சை அணைத்தன. பிறகு அயர்னின் கொதிக்கும் முனையைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். தோல் கருகும் வாடை வந்தது. முகத்தில் சின்னச் சுளிப்பும் இல்லை.

"போதும்மா. வேலைதான் முடிஞ்சிருச்சே."

பெட்டி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.