வார்னிஷ் பூசிய பலகை

பனியாற்றைக் காட்டி, அருவியைக் காட்டி, மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு புர்கி தன் சுற்றுலா வேனைப் பழைய தேவாலயத்தின் முன்னால் நிறுத்தினாள். மாலை இன்னும் வரவில்லை. ஆனாலும் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்து ஊசியிலை மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. பின்ட்ஸ்காவ் மலைப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்த அவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வியன்னாவிலிருந்து வந்திருந்த கூட்டம்தான் கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டது.

இந்த ஒருநாள் சுற்றில் எல்லோரும் விழுந்து விழுந்து படம் பிடிப்பது அருவியை அல்ல, தேவாலயச் சுவரோரம் நிற்கும் சாவுப் பலகைகளை. இறந்தவரை அடக்கம் செய்யும்வரை கிடத்தியிருந்த பலகையில் பெயர் செதுக்கி இங்கே நட்டுவைப்பது ஊர் வழக்கம். மழையிலும் பனியிலும் அது உளுத்து மண்ணோடு மண்ணாகிற அன்றுதான் அந்த உயிருக்கு விடுதலை. அதுவரை அந்த உயிர் இங்கேயே காத்திருக்கும். அதனால் பலகையில் யாரும் கை வைப்பதில்லை.

புர்கி வைத்தாள்.

மற்ற பலகைகள் பாசி பிடித்து, சாய்ந்து, சரிந்து கிடக்க, அவள் கணவன் கோர்பினியனுடையது மட்டும் பளபளவென்று நின்றது. வருஷா வருஷம் பனி உருகியதும் படகுக்குப் பூசும் வார்னிஷை வாங்கிவந்து அடித்துவிடுவாள். வருகிறவர்கள் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஊரில் சொல்லிக்கொண்டாள். அது பச்சைப் பொய். ஆற்றில் தவறி விழுந்து செத்தவன் இன்னும் கொஞ்ச நாள் பக்கத்திலேயே இருக்கட்டுமே என்ற நப்பாசைதான் அவளுக்கு.

கொழுந்தன் ரூப்பெர்ட்டுக்கு மட்டும் அது தெரியும். இந்த வசந்தத்தில் தூரிகையும் கையுமாக அவளைப் பிடித்தவன், "என்ன அண்ணி, அண்ணனை ஊறுகாய் போடுறீங்களா?" என்று கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "அண்ணன் போகட்டும் அண்ணி. விட்டுடுங்க."

உன் வேலையைப் பார் என்று சீறியவள், அதன் பிறகு அவனோடு பேச்சே வைத்துக்கொள்ளவில்லை.

படம் பிடித்து முடித்தவர்கள் ஆப்பிள் கேக் தின்னக் கீழே விடுதிக்கு நடந்தார்கள். வேனைக் கொண்டுவந்து அங்கேயே ஏற்றிக்கொள்வதாகப் புர்கி சொல்லியிருந்தாள். ஓட்டிலி என்ற வயதான அம்மாள் மட்டும் பின்தங்கி அவளருகே வந்தாள்.

"உங்க ஆள் நனைஞ்சுபோய் நிக்கிறாரேம்மா. வண்டியில உட்காரச் சொல்லக் கூடாதா?"

"எந்த ஆளு?"

"அந்தப் பளபளப்புப் பலகைகிட்ட. தலையிலேர்ந்து தண்ணி சொட்டுது. என்கிட்ட ஒண்ணு கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

"என்ன கேட்டார்?"

"இன்னும் எவ்வளவு காலம்னு."

அன்று முழுக்க ஒரு சொட்டு மழை பெய்திருக்கவில்லை.

புர்கிக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். இருக்கிறான், இங்கேயேதான் இருக்கிறான் என்று நெஞ்சு துள்ளியது. அடுத்த கணமே அந்தச் சந்தோஷத்தை நினைத்துக் கூசிப்போனாள். பக்கத்தில் வைத்துக்கொண்டதாக அல்லவா எண்ணியிருந்தாள். இத்தனை வருஷமும் அவனை ஈரத்துணியோடு குளிரில் நிற்கவைத்திருக்கிறாள்.

ஓட்டிலியைக் கீழே அனுப்பிவிட்டு, வேனின் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பலகையின் முன் மண்டியிட்டாள். சுரண்டி எடுத்துவிட்டால் போதும். அப்புறம் மழை பார்த்துக்கொள்ளும், அவன் போய்விடுவான்.

வார்னிஷ் சுருள் சுருளாக உரிந்தது.

அவள் காதோரம் யாரோ பல்லைக் கடித்து மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

கை நின்றது. மூடுபனியில் தேவாலயச் சுவர்கூடத் தெரியவில்லை. ஆற்று மண்ணின் வாடை, ஊறிப்போன கம்பளியின் வாடை. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு மறுபடி சுரண்டினாள்.

மறுபடியும் அந்த மூச்சு.

உரிந்த இடத்தில் மரம் நேற்று அறுத்ததுபோல் பச்சையாக இருந்தது. அதிலிருந்து தண்ணீர் கசிந்து அவள் விரல்களில் வழிந்தது. உடம்புச் சூட்டில் இருந்தது அந்தத் தண்ணீர்.

"வலிக்குது, புர்கி."

அவன் குரல்தான். காய்ச்சலில் கிடக்கும்போது பேசுவானே, அதே குரல்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. இதை எடுத்துட்டா நீ போயிடலாம்" என்றாள், அழுதுகொண்டே. இன்னொரு முறை கத்தியை வைத்து இழுத்தாள். பலகை முழுக்க நடுங்கியது. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆண்பிள்ளை தேம்பித் தேம்பி அழத் தொடங்கினான்.

உயிரோடு இருந்தபோது அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை.

அவளால் முடியவில்லை. கத்தியைப் புல்லில் போட்டாள். கசிந்த இடத்தைத் தன் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியால் துடைத்து, குழந்தையைத் தட்டுவதுபோல் பலகையைத் தட்டிக்கொடுத்தாள்.

"வேணாம். இனி தொடமாட்டேன். அழாதே, வா."

அழுகை நின்றது.

வேனுக்கு வந்து, ஏறி, சாவியைத் திருப்பினாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி அடிக்கத் தொடங்கியது. பை, சட்டை, எதுவும் அந்த இருக்கையில் இல்லை. மணி நிற்காமல் அடித்தது.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாதையைப் பார்த்தபடியே கையை நீட்டிப் பெல்ட்டை இழுத்தாள். அது ஒரு ஆளின் நெஞ்சகலத்துக்கு வளைந்து வந்து கொக்கியில் மாட்டிக்கொண்டது.

மணி நின்றது.