வால்டரின் ஒற்றை நட்சத்திரம்

பங்காரப்பேட்டை தாண்டியதும் ரயிலில் கூட்டம் குறைந்தது. மழை மட்டும் குறையவில்லை. ஜன்னலோரம் டீனா கண்களை மூடி, காதில் ஒலிக்கும் பாட்டில் மூழ்கியிருந்தாள். பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை அவளுக்கு. விடியுமுன் ரயிலேறிப் போய், இருட்டியபின் மாரிகுப்பம் திரும்புகிற வாழ்க்கை.

"எக்ஸ்கியூஸ் மீ... அது 'ஸ்லேட் ஹார்பர்' பேண்டுதானே?"

கண் திறந்தாள். எதிர் சீட்டில் ஓர் இளைஞன். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. உதடு சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிட்ட கண்கள்... சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க காதுல மாட்டிகினு கேக்கறது எனக்கும் கேக்குதே! அவ்ளோ சவுண்டு. அதுவும் போன வருஷம் வந்த ரெண்டாவது கிரேட்டஸ்ட் ஹிட்ஸ். சரியா?"

"சரிதான். ஆனா நல்லா இல்ல."

"ஐயோ, நீங்களுமா!" அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "நான் பிரதாப், ராபர்ட்சன்பேட்டை. டப்பிங் ஸ்டுடியோல வேலை. பேசறவங்க விடற மூச்ச வெட்டி எறியறதுதாங்க என் பொழப்பே. எனக்கு இந்த ஆல்பம்தான் சுத்தம். அஞ்சு ஸ்டார் போட்டிருக்கேன், தெரியுமா?"

டீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரிப்பு வந்து...

"உங்க கம்ப்ளெயின்ட் இன்னான்னு நானே சொல்லவா?" என்றான் பிரதாப். "பழைய ரெக்கார்டுல கடைசிப் பாட்டு முடிஞ்சதும் பாடறவர் ஒரு மூச்சு விடுவார். இதுல அத எடுத்துட்டாங்க. அதானே?"

அவள் சிரிப்பு உறைந்தது. அந்த மூச்சைப் பற்றி உலகத்தில் ஒரே ஒருவன்தான் பேசுவான். ஹெட்ஃபோனை அவள் தலையில் மாட்டி, 'இப்போ கேளு, இப்போ கேளு' என்று விரலை உயர்த்துவான்...

"அத... உங்களுக்கு யார் சொன்னா?"

"நம்ம ஊரு ஆளுதான். ரிவ்யூ சைட்டுல ஒத்த ஸ்டார் போட்டுட்டு, என்கூட மாசக்கணக்கா சண்டை. நேத்துகூட எழுதியிருந்தார். வால்டர்னு பேரு."

ரயில் ஒரு வளைவில் கிரீச்சிட்டது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. அவன் நீட்டிய ஃபோனில், அந்தப் பெயருக்குப் பக்கத்தில், கிதாரைக் கட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கும் முகம்...

"இவன் என் அண்ணன்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "செத்து ரெண்டு வருஷம் ஆகுது. இந்த ஆல்பம் வரும்போது அவன் இல்லவே இல்ல."

"இல்லைங்க... நேத்து எனக்கு..."

"இன்னா விளையாட்டு இது? பொண்ணுங்ககிட்ட பேச்சு குடுக்க செத்தவன் பேருதான் கெடச்சுதா? உங்களுக்கு வெக்கமா இல்ல?"

அவள் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். அவன் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

மாரிகுப்பத்தில் இறங்கியபோது மூடுபனி தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. தங்கச் சுரங்கம் கொட்டிவிட்டுப் போன சயனைடு மண்மேடுகள் இருட்டிலும் வெளுப்பாகத் தெரிந்தன. மூடிக்கிடந்த சுரங்க ஷாஃப்டின் இரும்புச் சக்கரத்தில் காற்று முனகியது. பிறந்ததிலிருந்து பார்த்த வழிதான். இன்று ஏனோ யாரோ பின்னால் வருவது போலவே இருந்தது...

வீடு இருட்டாக இருந்தது. அம்மா ஐடா ஜெபக் கூட்டத்துக்குப் போகிற நாள். டீனா கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ரிவ்யூ பக்கத்தைத் தேடினாள்.

இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை.

'பாட்டு முடிஞ்ச பெறகும் ஆளு இருக்கான்னு அந்த மூச்சுதான் சொல்லுது. அத எடுத்துட்டீங்க. இப்போ யாரும் இல்ல' என்று எழுதியிருந்தான் வால்டர். கீழே பிரதாப்பின் பதில்: 'மூச்சு வேணும்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க பாஸ்!'

டீனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். வால்டர் ஆஸ்துமாக்காரன். ஒரு மழை நாளில், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே ஆட்டோவில் அடங்கிப் போனான்...

அப்போதுதான் அது நடந்தது. திரையில் ஒரு புதிய வரி தோன்றியது.

'நான் எங்கியும் போகல தம்பி. இங்கதான் இருக்கேன்.'

அதே நேரம், உள்ளேயிருந்து ஒரு முணுமுணுப்பு. அவன் போன நாளிலிருந்து பூட்டியே கிடந்த வால்டரின் அறை... கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு, நீளமாக ஒரு மூச்சு. மறுபடியும் அதே மூச்சு. மறுபடியும்...

யாரைக் கூப்பிடுவது? வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்த ஒருவனைத் தவிர, இதை நம்பக்கூடியவர் யார்? மானத்தைப் பார்க்காமல், அந்த வரிக்குக் கீழேயே தட்டினாள்:

'பிரதாப், நான் ரயில்ல பார்த்த டீனா. அவன் ரூம்ல யாரோ பேசறாங்க.'

உடனே பதில் வந்தது. 'கதவத் தொறக்காதீங்க. வீடு எங்க?'

'மாரிகுப்பம் சர்ச் பின்னாடி லைன் வீடுங்கள்ல கடைசி வீடு.'

மழையில் பைக் வந்து நின்ற சத்தம் கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சொட்டச் சொட்ட நனைந்து நின்றான். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

"என் பின்னால நில்லுங்க," என்றான். அவன் முதுகு நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. அப்படியும் முன்னால் போய்க் கதவைத் தள்ளினான்.

பூட்டு இல்லை. இருட்டில் ஒரு ஃபோனின் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில், வால்டரின் கட்டிலில்... ஐடா உட்கார்ந்திருந்தாள். மடியில் மகனின் பழைய ஃபோன். பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரில் பாடகனின் மூச்சு திரும்பத் திரும்ப ஓடியது.

"மம்மி!"

ஐடா திடுக்கிடவில்லை. "ஜெபத்துக்குப் போகல டீனா. கொஞ்ச நாளாவே போறதில்ல," என்றாள். "நீ வாங்கின அந்தப் புது ஆல்பத்தக் கேட்டேன். மூச்சக் காணோம். வால்டர் இருந்தா சும்மா விட்டிருப்பானா? அதான் அவன் பேருல சொன்னேன். இந்த மைக்க அமுக்கிப் பேசினா அதுவே எழுதிக்குது." சற்று நிறுத்தினாள். "யாருமே பதில் போடல. ஒரு பையன் மட்டும் போட்டான். மறுநாளும் போட்டான். வால்டர் வீட்ல இருந்துகினு யார்கூடவோ வம்பு வளத்துகினு இருக்கற மாதிரியே இருந்துச்சி..."

டீனா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிரதாப் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

"அந்தப் பையன் நான்தான், ஆன்ட்டி. ஆஸ்பத்திரிக்குப் போன்னு எழுதினேனே... எனக்கு எதுவும் தெரியாது. மன்னிச்சிடுங்க."

"நில்லு தம்பி..."

அவன் நிற்கவில்லை. மழையில் பைக் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அதன்பிறகு அவன் எழுதவில்லை. அந்தப் பெட்டியிலும் ஏறவில்லை. ஐடா தினமும் ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டீனாவும் பார்த்தாள், அம்மாவுக்குத் தெரியாமல். 'நான் ஏன் தேடிப் போக வேண்டும்?' என்று ஒரு மனம். 'நீ கூப்பிட்ட உடனே ஓடி வந்தானே...' என்று இன்னொரு மனம்.

ஒரு சனிக்கிழமை மாலை, பெட்டி பெட்டியாகத் தேடினாள். கடைசிப் பெட்டியில், கதவோரமாக இருந்தான்.

"இன்னாங்க, இங்க வந்து ஒளிஞ்சிகினு இருக்கீங்க?"

அந்தக் கண்கள் இப்போது சிரிக்கவில்லை. "உங்க மம்மி மூஞ்சியில முழிக்க முடியலைங்க. அந்த அஞ்சு ஸ்டாரையும் எடுத்துடலாம்னு பாக்கறேன்."

"எடுத்தீங்கன்னா கொன்னுடுவேன்!" "மம்மிக்கு உங்க மன்னிப்பு வேணாம். சண்டைதான் வேணும். நீங்க ஒத்துக்கிட்டா, வால்டர்கூடப் பேச இந்த உலகத்துல யாரும் இல்ல..."

அவன் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது, போனது. இறங்கவில்லை. மாரிகுப்பம் பிளாட்பாரத்தில் எல்லாரும் போன பிறகும், தூறலில் இருவரும் நின்றார்கள். பனி அவர்களைச் சுற்றி மெல்ல மூடிக்கொண்டது.

"சரி, எழுதறேன். இன்னிக்கே வம்பிழுக்கறேன்," என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "டீனா... எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. கண்ண மூடிகினு பாட்டு கேட்டுகினு இருந்தீங்களே, அப்பவே. உங்க வீட்டுக்கு நான் இன்னா பண்ணிட்டேன்னு தெரிஞ்ச பெறகு, சொல்ல வாய் வரல. நீங்க சர்ச்சு, நாங்க கோயிலு, அது வேற..."

கீழே, வெகு ஆழத்தில், 'தொம்' என்று ஒரு சத்தம். தண்ணீர் நிறைந்து கிடக்கும் சுரங்கத்தில் எங்கோ பாறை உடைந்திருக்க வேண்டும். பிளாட்பாரம் அதிர்ந்தது. டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்து ஓய்ந்தன. அவள் கை அவன் கையைப் பிடித்திருந்தது.

"பயப்படாதீங்க," என்றான் அவன் பதறி. "நம்ம ஊர்ல அடிக்கடி வர்றதுதானே..."

"தெரியும்," என்றாள் டீனா, கையை எடுக்காமல். "நான் பயந்து புடிக்கல."