பக்கத்து நாற்காலிக்காக ஒரு பொய்

அத்தையின் போனில் சிவப்பு விளக்கு வந்துவிட்டது! நான்தான் அழுத்தினேன்.

அத்தை ஆஸ்பத்திரி ஆப்பில் 'காய்ச்சல் இல்லை' என்று போட்டு வைத்திருந்தாள். நெற்றியைத் தொட்டால் அனலாகக் கொதிக்கிறது! போனைப் பிடுங்கி 'இருக்கிறது' என்று மாற்றி அனுப்பிவிட்டேன். உடனே ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார்.

"கீமோ எடுக்கறவங்களுக்குக் காய்ச்சல்னா காத்திருக்கவே கூடாதும்மா. இப்பவே கூட்டிட்டு வாங்க."

"துரோகி!" அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. "நாளைக்கு வியாழக்கிழமைடி... மருந்து ஏத்தாம திருப்பி அனுப்பிடுவாங்க!"

மருந்துக்காகவா அந்த அழுகை? எனக்குத் தெரியாதா என்ன!

அத்தை அப்பாவின் அக்கா. ரிட்டயரான கணக்கு டீச்சர். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். போன மாதம், மருந்து ஏற்றும் ஹாலில் உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குத் தினமும் சொல்லும் ஆப்பில் 'வாந்தி இல்லை' என்று அழுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து பஸ் ஹாரன் மாதிரி ஒரு குரல்...

"ஏம்மா, மடியில பக்கெட்டை வெச்சுக்கிட்டு வாந்தி இல்லைன்னு போடறீங்களே?"

"என் வாந்தி, என் போன். உங்களுக்கென்ன?"

"காலம் பூரா பஸ் ஓட்டினவன்மா. சிவப்பு விளக்கு எரிஞ்சா வண்டியை ஓரங்கட்டணும். நீங்க விளக்கு மேல பிளாஸ்திரி ஒட்டிட்டு ஓட்டறீங்க!"

அத்தை முறைத்தாள். வகுப்பே அடங்கிப்போகும் முறைப்பு அது. அவரோ சிரித்தார். புருவம் உதிர்ந்த அந்தக் கண்களில் அத்தனை குறும்பு... அத்தை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மட்டும் சிவந்திருந்தது!

அவருக்கு நான் வைத்த பெயர் ஹாரன் மாமா. அதன்பிறகு வியாழக்கிழமை வந்தாலே அத்தை தலைத்துணியை நாலு தரம் மாற்றிக் கட்டிப் பார்ப்பாள். உடம்புக்கு எது வந்தாலும் ஆப்பில் 'இல்லை'தான். உண்மையைச் சொன்னால் மருந்து தள்ளிப்போகும்... பக்கத்து நாற்காலியும் தள்ளிப்போகுமே!

ஆஸ்பத்திரியில் அத்தையைத் தனி அறையில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். பயத்தில் ஹாரன் மாமாவுக்கும் போன் செய்துவிட்டேன். கொட்டுகிற மழையில் வந்து நின்றார்.

"ரெண்டு பேருக்குமே எதிர்ப்புச் சக்தி கம்மி. உள்ளே போகாதீங்க," என்று நர்ஸ் தடுத்துவிட்டார். மாமா மாஸ்க்கோடு வாசலிலேயே நின்று குரல் கொடுத்தார்.

"டீச்சர்! பொய் சொல்லிட்டு எம் பக்கத்துல வந்து உக்கார வேணாம். உண்மையைச் சொல்லிட்டு வீட்டுலயே இரு. உன்னைத் தேடி நான் வர்றேன்!"

'நீங்க' எங்கே போயிற்று? வார்டே எட்டிப் பார்த்தது.

"ஐயோ, கத்தாதீங்க... மானம் போகுது," என்றாள் அத்தை, போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு. அப்புறம் மெதுவாக... "நிஜமா வருவீங்களா?"

"பிரேக் பிடிச்சாலும் நிக்காது இந்த வண்டி!"

இப்போது காய்ச்சல் இறங்கிக்கொண்டிருக்கிறது. நல்ல வேளை, தாமதிக்காமல் வந்தீர்கள் என்றார் டாக்டர். எல்லோரும் போன பிறகு அத்தை கூப்பிட்டாள்.

"துரோகி, இங்க வா. போனை எடு. இனிமே எல்லாம் உண்மை. பசி? இல்லை. தூக்கம்? வரலை. போடு."

போட்டேன். அத்தை என் விரலைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா...

"இன்னும் ரொம்ப காலம் இருக்கணும்னு திடீர்னு ஆசையா இருக்குடி. அதனாலயே பயமாவும் இருக்கு... இதை எந்தக் கட்டத்துல போடறது?"