நகராத முள்

ஆக்சிஜன் சிலிண்டரை மூடியாகிவிட்டது. ஆனாலும் காற்று கடந்துபோவதற்காக வண்டிச் சுவரில் மாட்டியிருந்த குப்பியில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

சிஸ்டர் அதை உடனே கவனிக்கவில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையிலேயே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள், பிற்பகல் மூன்று மணிக்கும் மூன்றாம் நம்பர் ஆம்புலன்சின் பின்பக்கத்தில், ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் இருக்கும் ஒற்றை இருக்கையில், மடியில் தடித்த ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். தரச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் நாளைக்கு வருகிறார்கள். அதற்காக ஆபீசுக்கு அவசர அவசரமாக வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து எழுத வண்டியைத் தவிர வேறு இடமில்லை. தகரக் கொட்டகையின் வெக்கையும், ஸ்பிரிட் வாடையும், எத்தனை துவைத்தாலும் போகாத வியர்வை நெடியும் சேர்ந்து மூக்கை அடைத்தன.

ஒவ்வொரு வண்டிக்கும் தினம் ஒரு செக்லிஸ்ட் எழுத வேண்டும் என்பது விதி. பதினாறு கேள்விகள், ஆம் அல்லது இல்லை, கீழே கையெழுத்து. மூன்று மாதத்தில் இருபத்தாறு நாளுக்கு ஷீட்டே இல்லை.

"பழசாத் தெரியணும்மா, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் மேனேஜர். "போன தடவை எல்லாத்தையும் ஒரே பேனாவுல எழுதி மாட்டிக்கப் பார்த்தோம்."

ஆகவே அவளிடம் மூன்று பேனாக்கள் இருந்தன. நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று, மை தீரப்போகிற பேனா ஒன்று. சில ஷீட்டுகளை நாலாக மடித்துப் பிரித்தாள். இரண்டைத் தரையில் போட்டுச் செருப்பால் தேய்த்தாள். ஒன்றின் மேல் டீ கிளாசை வைத்து எடுத்தாள். இந்தக் கலையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. படித்த நர்சிங் படிப்புக்குக் கிடைத்த பெருமை இதுதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பதுண்டு. இன்று சிரிக்கத் தெம்பில்லை.

ஸ்ட்ரெச்சர் பெல்ட் சரியாக இருக்கிறதா? ஆம். பின்கதவு உள்ளிருந்து திறக்கிறதா? ஆம். அந்தக் கைப்பிடி எப்போதோ கழன்று டிரைவரின் கையோடு வந்துவிட்டது, இப்போது டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது. ஆக்சிஜன் முள் பச்சைப் பட்டையில் இருக்கிறதா? ஆம். இது மட்டும் பொய்யே இல்லை. அளவு காட்டும் அந்த முள் ஆறு மாதமாகப் பச்சையிலேயே சிக்கிக் கிடக்கிறது. சிலிண்டர் நிறைந்திருந்தாலும் பச்சை, காலியானாலும் பச்சை. கேள்வி முள்ளைப் பற்றித்தானே, காற்றைப் பற்றி இல்லையே என்று ஷிப்ட் மாறும்போது எல்லோரும் கேலி பேசிக்கொள்வார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. குளுகுளுவென்று, மெதுவாக, ஒரு நோயாளி உள்ளே படுத்திருந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி. நிமிர்ந்து பார்த்தாள். காலி ஸ்ட்ரெச்சரின் மேல் மாஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து சிலிண்டரின் திருகைப் பிடித்துத் திருப்பினாள். இறுக்கமாக மூடியிருந்தது. குப்பியைத் தொட்டதும் சத்தம் நின்றது.

குழாயில் மிச்சம் இருந்த காற்றாக இருக்கும் என்று உட்கார்ந்தாள். அடுத்த ஷீட்டை எடுத்தாள். போன மாதம் பதினேழாம் தேதி.

பேனா நின்றுவிட்டது.

வெளியே டிரைவர் வாளி நிறையத் தண்ணீரோடு வந்தார். பத்து வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறவர், அவளுக்கு அண்ணன் மாதிரி. திறந்திருந்த பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், உங்க கையெழுத்து உங்களுக்கே சலிச்சுப்போச்சா?"

"பதினேழாம் தேதி வந்துடுச்சுண்ணே."

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"அதுவும் ஒரு ஷீட்டுதான். ஆம் போட்டுட்டுப் போயிட்டே இருங்க."

"முள் வேலை செய்யலைன்னு இதுலயாவது எழுதிட்டா? வண்டியை நிறுத்தி மாத்துவாங்கல்ல. நாளைக்கு இன்னொருத்தர் இதுல படுப்பாருண்ணே."

"எழுதினா, அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு கேட்பாங்க. அதுக்கு யார் பதில் சொல்றது? நீங்களா, நானா?"

முதுகெலும்பு அடிபட்டுக் கட்டிலோடு கிடக்கும் கணவனும், பத்தாவது படிக்கும் மகளும் அவள் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

பதினேழாம் தேதி படுத்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மூச்சுத்திணறல். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிட வழி. அவர் மனைவி முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தாள். அன்றைக்கும் சிஸ்டருக்கு இரட்டை ஷிப்ட். மாஸ்க்கைப் போட்டு, பெல்ட்டை மாட்டி, முள்ளைப் பார்த்தாள். பச்சை. ரெண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று இதே இருக்கையில் சாய்ந்தாள். தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. டக். டக். டக். வண்டியில் எங்கோ நட்டு கழன்று ஆடுகிறது என்று நினைத்து, தலையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

விழித்தபோது சிலிண்டர் காலியாகி, குப்பியில் தண்ணீர் அசையாமல் இருந்தது. அவர் கை தகரச் சுவரை ஒட்டிக் கிடந்தது. மோதிரம் பட்ட இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. ஆயுள் முழுக்கத் தட்டித் தட்டி பஸ்சை நிறுத்திய கை.

ஆஸ்பத்திரி வாசலில் அந்த அம்மா இவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசி வரைக்கும் கூடவே இருந்தீங்களே தாயி," என்றாள். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் சிஸ்டருக்குச் சோறு இறங்குவதில்லை. வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருக்கும். ஆனால் மறுநாளும் டியூட்டிக்கு வந்தாள்.

இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தாள். இல்லை என்று எழுத மூன்றே எழுத்து. கை கனத்தது, கண் எரிந்தது, தலைக்குள் ஏதோ வற்றிப்போயிருந்தது. பயம்கூடப் பெரிதாக இல்லை, அசதிதான். பதில் சொல்லத் தெம்பில்லாத அசதி. கட்டத்தில் ஆம் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். ஷீட்டை நாலாக மடித்துப் பிரித்தாள்.

"கதவைச் சாத்துறேன் சிஸ்டர். பின்பக்கம் ஹோஸ் அடிக்கணும், தண்ணி உள்ள வந்துரும்."

"சரிண்ணே. நான் ரெண்டு நிமிஷம் படுத்துக்கறேன்."

கதவு மூடிக்கொண்டது. இருக்கையில் ஃபைலை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரில் கால் நீட்டினாள். பால்நிறக் கண்ணாடி வழியாக வந்த வெயில் கூரையில் மங்கலாகக் கிடந்தது. வெளியே தண்ணீர் தகரத்தில் பட்டுச் சடசடவென்று அடிக்க, டிரைவரின் ரேடியோ ஏதோ பாட்டைக் கரகரவென்று பாட, எல்லாம் தூரமாகி, தூரமாகி, இமைகள் தாமாகவே மூடிக்கொண்டன.

குளுகுளுவென்ற சத்தத்தில் விழித்தாள்.

குப்பி கொப்பளித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ரப்பர் வாடை. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மாஸ்க் இருந்தது. தூக்கத்தில் தானே இழுத்துப் போட்டுக்கொண்டோமோ என்று கழற்றக் கையைத் தூக்கினாள். கை வரவில்லை. நெஞ்சிலும் முழங்காலிலும் பெல்ட். கைகளின் மேலாக, இறுக்கமாக, ஒழுங்காக. அவள் மாட்டுவது போலவே.

"அண்ணே!"

மாஸ்க்குக்குள்ளேயே குரல் நின்றுவிட்டது. வெளியே தண்ணீர் சத்தம். பாட்டு.

யாரோ மூச்சு விட்டார்கள்.

அவளுடைய மூச்சு இல்லை. அவளுடையது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இது நிதானமாக, ஆழமாக, தலைமாட்டிலிருந்து வந்தது. அயர்ந்து தூங்குகிறவர்களின் மூச்சு.

பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனாலும் கழுத்தை வளைத்தாள்.

இருக்கையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதே நீல யூனிஃபார்ம். தோளில் அதே ஊக்கு, காலையில் பட்டன் அறுந்ததும் அவள் குத்திக்கொண்ட ஊக்கு. மடியில் ஃபைல். தலை நெஞ்சில் சரிந்திருந்தது. விரல்களுக்கு நடுவே மை தீரப்போகிற பேனா.

குப்பியில் கொப்பளிப்பு மெதுவானது.

ஒரு குமிழி.

இன்னொன்று.

நின்றுவிட்டது.

அவள் இழுத்தாள். மாஸ்க் கன்னத்தோடு ஒட்டியது. காற்று இல்லை. இன்னும் பலமாக இழுத்தாள். இல்லை. கண் சுவரில் இருந்த முள்ளைத் தேடியது. பச்சை. நட்டநடுப் பச்சையில், ஆடாமல் அசையாமல்.

கத்திப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. பெல்ட்டுக்கு அடியில் வலது கையின் மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் அசைந்தது. விரல் தகரச் சுவரை எட்டியது. பெயிண்ட் உரிந்த அந்த இடம் விரலுக்குத் தெரிந்தது. கல்யாண மோதிரத்தால் தட்டினாள்.

டக்.

டக்.

டக்.

இருக்கையில் இருந்தவள் லேசாக அசைந்தாள். புருவத்தைச் சுளித்தாள். பிறகு, எங்கோ ஒரு நட்டு கழன்று ஆடுகிறது என்பதுபோல, தலையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டு தூங்கினாள்.